ஃபிட்ஜெட்: தமிழில் எப்படிச் சொல்வது?

காலாட்டுவது, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது, பெஞ்சில் இப்படியும் அப்படியும் நெளிவது. நோக்கம் எதுவும் இல்லாமல் உடம்பு தன்பாட்டுக்குச் செய்கிற இந்தச் சின்ன அசைவுகளைத்தான் ஆங்கிலத்தில் ஃபிட்ஜெட் என்கிறார்கள். பெயராகவும் வரும், வினையாகவும் வரும். 2017-இல் விரலில் சுழலும் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் கடை கடையாக விற்றபோது நம் பிள்ளைகளுக்கும் சொல் பழகிவிட்டது.

சொல் பிறந்தது 17ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே 'ஃபிட்ஜ்' என்று ஒரு வினை இருந்தது. நிலையாக இராமல் அசைவது என்று பொருள். ஸ்காட்லாந்து வழக்கில் அது நெடுங்காலம் புழங்கியது. ஆங்கிலத்தில் இதைப் பன்மையாக்கி, ஏதோ உடம்புக்கு வந்த உபாதை போல 'ஃபிட்ஜெட்ஸ் பிடித்துக்கொண்டது' என்கிற பாணியிலும் பேசுவார்கள்.

இதைப் 'பதற்றம்' என்றோ 'அமைதியின்மை' என்றோ தமிழில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவை மனத்தின் நிலை. இது உடம்பின் அசைவு. மனத்தில் பதற்றமே இல்லாதவரும் அசைவார். ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் 1885-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றியே ஒரு குறிப்பு எழுதினார். சலிப்பூட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் அசைவுகளை அவர் எண்ணிப் பார்த்தார். பேச்சில் மனம் ஒன்றியதும் அசைவு குறைந்தது. அங்கே அவர்களை ஆட்டியது சலிப்புதான்.

மருத்துவத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். ஏடிஎச்டி எனும் கவனக்குறைபாட்டுக்கான அறிகுறிகளில் கைகால்களை ஆட்டிக்கொண்டே இருப்பதும் இருக்கையில் நெளிவதும் உண்டு. அங்கே 'பதற்றம்' என்று மொழிபெயர்த்தால், படிக்கிற பெற்றோர் அதை வேறொரு சிக்கலாக, மனப்பதற்றமாக எடுத்துக்கொள்வார்கள்.

சரி, என்ன சொல்லலாம்? உட்கார்ந்த இடத்தில் அசைந்தால் 'நெளிதல்'. கையில் அகப்பட்டதை விடாமல் தொட்டுத் திருகினால் 'நோண்டுதல்'. 'இருப்புக்கொள்ளாமை' அழகான சொல்தான், ஆனால் அதில் தவிப்பும் சேர்ந்திருக்கிறது. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவருக்குப் பொருந்தும். பொதுச்சொல்லாக நான் எடுப்பது 'துறுதுறுப்பு'. துருதுரு என்றும் எழுதுவார்கள். குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது அதில் கொஞ்சம் செல்லமும் கலந்துவிடும் என்பதால், மருத்துவக் குறிப்பில் மட்டும் 'கைகால்களை ஆட்டிக்கொண்டே இருத்தல்' என்று விரித்தே எழுதிவிடலாம்.