சோலாரில் பேட்டரி நிரம்ப எத்தனை மணி நேரம்?

“என்னிடம் 100 வாட் சோலார் பேனல் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி பாதி காலியாக இருக்கிறது. காலையில் இணைத்தால் சாயங்காலத்துக்குள் நிரம்பிவிடுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கையும் அவரே போட்டுவிட்டார். 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1200 வாட்-மணி. அதில் பாதி 600. அதை 100 வாட்டால் வகுத்தால் 6 மணி நேரம்.

வகுத்தலில் தப்பே இல்லை. ஆனாலும் அந்த பேட்டரி நிரம்ப மூன்று நாள் வெயில் வேண்டும். மீதி நேரம் எங்கே போகிறது என்பதுதான் சுவாரசியமான விஷயம்.

முதலில் பேனலை முடித்துவிடலாம். 100 வாட் என்பது சோதனைக்கூடத்து எண். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ வேண்டும், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்க வேண்டும், அப்போது கிடைப்பதுதான் அந்த 100. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழுவதால் இதில் ஒரு பகுதிதான் வரும். அதனால் நாள் முழுக்கக் கிடைத்த ஒளியைக் கூட்டி, 1000 வாட் வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்கு அது சமம் என்று பார்ப்பார்கள். இதை உச்ச வெயில் மணி என்று சொல்லலாம். நன்றாக வெயில் அடிக்கும் இடங்களில் ஒரு நாளைக்கு 4 முதல் 6 வரை வரும். நாம் 5 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது கன்ட்ரோலர், அதாவது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று அதில் இரண்டு வகை. இந்த மாதிரி பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் ஏறக்குறைய 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் 100 வாட் வருகிறது. சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடும். பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆம்பியர் மட்டும் அதே 5.5. ஆக, 100 வாட் பேனலிலிருந்து 72 வாட்தான் உள்ளே போகிறது. எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் பேனலை அதற்குப் பிடித்த வோல்ட்டேஜிலேயே ஓடவிட்டு, மிச்ச வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும்.

இங்கே சூட்டின் பங்கு விநோதமானது. மொட்டை வெயிலில் பேனலின் செல்கள் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனலின் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். 60 டிகிரியில் 14 சதவீதம் போய்விடும். ஆனால் அது ஏறக்குறைய முழுக்க வோல்ட்டேஜில் விழும் அடி, ஆம்பியர் பெரிதாக அசைவதில்லை. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த மேல் வோல்ட்டேஜை எப்படியும் வீணடிப்பதால் அதற்குச் சூடு பெரிதாக உறைக்காது. எம்.பி.பி.டி.க்கு உறைக்கும். சுடும் பேனலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 15 சதவீதத்துக்குள் சுருங்கிவிடும்.

சரி, நம் வாசகரிடம் இருப்பது பி.டபிள்யூ.எம். என்றே வைத்துக்கொள்வோம். 5.5 ஆம்பியர், 5 மணி, மொத்தம் 27.5 ஆம்பியர்-மணி. தூசி, ஒயரில் போகும் இழப்பு எல்லாம் கழித்தால் நாளைக்கு 25. பேட்டரிக்குத் தேவை 50. ஆனால் ஈய-அமில பேட்டரி வாங்கியதையெல்லாம் திருப்பித் தராது. 50 சேர வேண்டுமென்றால் 57 போல ஊட்ட வேண்டும். இரண்டு நாளில் 50 போயிருக்கும், மூன்றாம் நாளுக்கு மிச்சம் 7. காலை வெயிலிலேயே முடிந்துவிட வேண்டியதுதானே? முடியாது. பேட்டரியின் குணம் தெரிவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

பேட்டரி காலியாகும்போது அதன் இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் நுண்ணிய படிகங்களாக வளர்கிறது. சார்ஜ் ஏற்றுவது என்றால் அந்தப் படிகங்களைக் கலைத்து, ஒரு தகட்டில் ஈயமாகவும் மற்றதில் ஈய டையாக்சைடாகவும் மாற்றுவது. மின்சாரம் படிகத்தை அப்படியே பிடித்து மாற்றிவிட முடியாது. படிகம் முதலில் அமிலத்தில் கரைய வேண்டும், கரைந்து வரும் ஈய அயனிதான் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ முடியும். ஈய சல்பேட்டோ கரைய அடம்பிடிக்கும் பொருள். ஒரு லிட்டர் அமிலத்தில் சில மில்லிகிராம் கரைந்தாலே அதிகம்.

ஆரம்பத்தில் இது பிரச்சினையே இல்லை. படிகங்கள் ஏராளமாக இருக்கின்றன, எல்லாவற்றின் மேற்பரப்பையும் கூட்டினால் பரந்த பரப்பு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கரைந்தாலே பேனல் கேட்கும் 5 ஆம்பியருக்குப் போதும். நிரம்ப நிரம்பப் படிகங்கள் குறைகின்றன. மீதி இருப்பவை தகட்டின் நுண்துளைகளுக்குள், ஆழத்தில் ஒளிந்திருப்பவை. அதோடு, கரையும் ஒவ்வொரு படிகமும் கந்தக அமிலத்தைத் திருப்பித் தருகிறது. அது அந்தக் குறுகிய துளைக்குள்ளேயே கெட்டியாகச் சேர்ந்து, மெல்லப் பரவித்தான் வெளியே வர வேண்டும். துவைத்துக் காயப்போட்ட தடித்த துணியில் முக்கால்வாசி சீக்கிரம் உலர்ந்துவிடும், மடித்துத் தைத்த ஓரம் மட்டும் சாயங்காலம் வரை ஈரமாக இருக்கும். வெயில் அதேதான், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர நேரம் வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பழைய வேகத்திலேயே மின்சாரத்தைத் திணித்தால் கரைந்த ஈயம் போதாமல் வோல்ட்டேஜ் ஏறும். 14.4-ஐத் தாண்டினால் மிச்ச மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க ஆரம்பிக்கும். பேட்டரியில் குமிழி கொப்பளிப்பதும், அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியிருப்பதும் இதனால்தான். எனவே நல்ல கன்ட்ரோலர் 14.4-ல் வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்திவிடும். அப்புறம் ஆம்பியர் தானாக இறங்கும். 5, 3, 2 என்று இறங்கும்போதே இறங்கும் வேகமும் குறைந்துகொண்டு வரும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது 1 அல்லது 2 ஆம்பியருக்கு வந்தால்தான் நிரம்பியது என்று அர்த்தம். மீட்டரில் 14.4 தெரிந்ததுமே “ஃபுல்” என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த எண் தெரியும்போது அந்த நீண்ட கடைசிக் கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது.

சரி, பேனலை மூன்று மடங்காக்கினால் நேரம் மூன்றில் ஒன்றாகுமா? ஆகாது. 16 ஆம்பியர் தள்ளினால் 14.4 வோல்ட் இன்னும் சீக்கிரமே, 80 சதவீதத்தை ஒட்டியே வந்துவிடும். அதற்குமேல் பேட்டரி எவ்வளவு விழுங்குமோ அவ்வளவுதான். முதல் 80 சதவீதத்தின் வேகத்தைப் பேனல் தீர்மானிக்கிறது, கடைசி 20-இன் வேகத்தைப் படிகங்கள் தீர்மானிக்கின்றன. சோலாரில் இன்னொரு சங்கடமும் உண்டு. கடைசிக் கட்டம் தொடங்குவது பெரும்பாலும் பிற்பகலில். பேட்டரிக்குப் பல மணி நேரம் பொறுமையான மின்சாரம் வேண்டிய அந்த வேளையில் வெயில் இறங்குகிறது. இரவில் விளக்கு எரிகிறது. மறுநாளும் இதே கதை. இப்படியே வாரக்கணக்கில் 85, 90 சதவீதத்தோடு நின்றுபோனால், மீந்த படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி இறுகிவிடும். பெரிய படிகத்துக்கு மேற்பரப்பு குறைவு, இன்னும் மெதுவாகத்தான் கரையும். சோலார் பேட்டரிகள் சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

இவ்வளவு தெளிவான காரணம் இருக்க, பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்ததால்தான் சார்ஜ் தரைக்குள் இறங்கிவிட்டது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். பிளாஸ்டிக் பெட்டி வழியாக மின்சாரம் தரைக்குப் போகாது. சும்மா கிடக்கும் பேட்டரி எங்கே வைத்தாலும் மாதம் சில சதவீதம் தானாக இழக்கும், அவ்வளவுதான். பலகையை அடியில் செருகிவிட்டு, பேட்டரி அரைகுறையாகவே கிடப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் இந்த நம்பிக்கையால் வரும் நஷ்டம். காஸ்டோன் பிளாந்தே இந்த பேட்டரியை உருவாக்கியது 1859-ல். பழசு என்பதாலேயே ஆராய்ச்சிப் பணம் புதிய பேட்டரிகள் பக்கம் சாய்வதை நான் ஏற்கவில்லை. அந்தத் துளைகளுக்குள் நடப்பதை இன்னும் நெருங்கிப் பார்த்தால், ஏற்கனவே உழைத்துக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பேட்டரிகளுக்கு ஆயுள் கூடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கரைதல் வேலையே கிடையாது. லித்தியம் அயனிகள் படிகத்துக்குள் நேராக நுழைந்து வெளியேறுகின்றன. 95 சதவீதம் வரை கொடுத்த ஆம்பியரை வாங்கிக்கொள்ளும், இழப்பும் மிகக் குறைவு. நம் கணக்கில் அது இரண்டு நாள். வாசகரின் ஈய-அமில பேட்டரிக்கோ மூன்றாம் நாள் பிற்பகல் வரை ஆகும், அதுவும் நடுவில் எதற்கும் அதிலிருந்து மின்சாரம் எடுக்காமல் இருந்தால். தினமும் எடுக்கிறவர் என்றால், மாதம் ஒருமுறையாவது மெயின்ஸ் சார்ஜரில் போட்டு, ஆம்பியர் 1 அல்லது 2-க்கு இறங்கும்வரை விட்டுவிட வேண்டும்.