காரத்தை விட்டாச்சு, இன்னும் ஏன் பொருமுது?

வயிறு உப்பிப் பொருமுவது, அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கிற வலி, மூன்று நாளாகப் போகாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் ஓட ஓடப் போவது. எல்லாவற்றுக்கும் நம் தேயிலைத் தோட்டப் பக்கம் ஒரே பெயர்தான்: கேஸ்டிரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி. டவுனுக்குப் போனால் பார்மசியில் ஒரு அட்டை ஒமிப்ரசோல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது இரைப்பை அமிலத்தைக் குறைக்கிற மருந்து. தொல்லை குடலில் இருந்தால் அது என்ன செய்யும்?

நுவரெலியா மாவட்டத்தில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. டொக்டர் பார்த்து ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சின்ட்ரோம், எரிச்சலுறும் குடல் நோய்) என்று முடிவுசெய்த பிறகுதான் என்னிடம் அனுப்புவார்கள். அதன் அடையாளம் இது: வாரத்தில் ஒரு நாளாவது வலி, மூன்று மாதமாகத் தொடர்ந்து. அந்த வலி மலம் போவதோடு தொடர்புபட்டிருக்கும், போகிற தடவையோ மலத்தின் தன்மையோ மாறியிருக்கும், ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டில் "வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறா" என்ற பேச்சு வேறு. நடிப்பெல்லாம் இல்லை. வாயு எல்லார் குடலிலும்தான் உண்டாகிறது, இவர்களுடைய குடல் நரம்புகள் அதைக் கூடுதலாக உணர்கின்றன.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்தைக் கலைத்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வந்த தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டொக்டரிடம் போங்கள், சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பது அப்புறம். கொழுந்து எடுக்கிற பெண்களில் இரத்தசோகை சாதாரணமாகக் காண்பதுதானே என்று அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அடிக்கடி நடக்கிற பேச்சு இது. "மிஸ், காரத்தைச் சுத்தமா விட்டுட்டேன், புளியும் இல்ல, இன்னும் பொருமுது." காலையில என்ன சாப்பிட்டீங்க அக்கா? ரொட்டி. மலைக்கு என்ன கொண்டு போனீங்க? ரொட்டிதான் மிஸ். தொட்டுக்க? வெங்காயத்தை இடிச்சு, மிளகாய் போடாம ஒரு சம்பல்.

மிளகாயும் சிலருக்கு வலியைக் கிளப்பும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோதுமை மாவிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃபிரக்டான் என்கிற ஒருவகை மாச்சத்து இருக்கிறது, அதை உடைக்கிற நொதி மனிதக் குடலில் கிடையாது. உடையாமல் அது பெருங்குடலுக்குப் போக, அங்கே இருக்கிற கிருமிகள் அதை நொதிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. பருப்பு, கடலை, சோயா மீட்டில் இருக்கிற இன்னொரு சர்க்கரை, சிலருக்குப் பாலில் இருக்கிற லக்டோஸ், ரோட்டோரத்தில் குவித்து விற்கிற பியர்ஸ் பழத்தின் சோர்பிடோல், இவையும் அதே கூட்டம்தான். சில சர்க்கரைகள் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். இவற்றைச் சேர்த்து ஃபொட்மேப் என்கிறார்கள். மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகக்காரர்கள் இதை வைத்து ஓர் உணவு முறையை உருவாக்கினார்கள், இன்றைக்கு உலகம் முழுக்க ஐ.பி.எஸ். காரர்களுக்குச் சொல்லப்படுவது அதுதான்.

இணையத்தில் கிடைக்கிற அந்தப் பட்டியலில் புளுபெரி, குயினோவா என்று இருக்கும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவர் அதை வைத்து என்ன செய்வார்? நம்மிடம் இருப்பதே போதும். சோறு, இடியப்பம், அரிசிமாப் பிட்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, மீன், நெத்தலிக் கருவாடு, பப்பாசி எதிலும் சிக்கல் இல்லை. கோதுமை மா சீக்கிரம் வேலை முடிக்கும், வயிற்றில் நிற்கும், மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: மூன்று நேர ரொட்டியை முதலில் ஒரு நேரமாக்குங்கள், சிலருக்கு அதுவே பாதி நிம்மதி.

வெங்காயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பெரிய துண்டாகப் போட்டு எண்ணெயில் வதக்கி, தண்ணீரோ தேங்காய்ப்பாலோ ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் வாசம் கறியில் இருக்கும், தொல்லை இருக்காது. குழம்பில் கொதித்த பிறகு எடுத்துப் பயனில்லை. இன்னும் சுலபம் லீக்ஸ். வெள்ளைத் தண்டில்தான் ஃபிரக்டான் அதிகம், பச்சை இலை நல்லது, நாம் தோட்டத்தில் பிடுங்கி எறிகிற அந்த இலையேதான். (கொத்து ரொட்டியில் கோதுமை, வெங்காயம், வெள்ளை லீக்ஸ், எண்ணெய் நான்கும் ஒன்றாக வருகிறது. சம்பள நாள் ராத்திரி வயிறு என்ன பாடுபடும் என்று நீங்களே பாருங்கள்.)

பருப்பை மட்டும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, பல வீடுகளில் அதுதான் புரதம். ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்து, இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்துங்கள். பால்மா போட்ட தேத்தண்ணியை ஒரு வாரம் வெறுந்தேத்தண்ணியாக்கிப் பாருங்கள். அதையும் நாளுக்கு மூன்று கோப்பைக்குள், பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடுகிற நைஸ் (NICE) நிறுவனம் சொல்கிற அளவு அது. இந்தக் குளிரில் கஷ்டம்தான், ஆனாலும் பாருங்கள்.

சாப்பாட்டில் மட்டும் இல்லை விஷயம். மலையில் பக்கத்தில் கழிவறை கிடையாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு, நேரம் தப்பி அவசர அவசரமாகச் சாப்பிடுகிற அக்காமாருக்கு நான் எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் மலச்சிக்கல் தீராது. இதை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை, கழிவறை கட்டிக்கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகம். அதுவரைக்கும் வீட்டில் நேரத்தோடு எழுந்து, அவசரமில்லாமல் போய்விட்டு வேலைக்குப் போகப் பாருங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இசப்கோல் (தண்ணீரில் கலந்து குடிக்கிற ஒரு விதை உமி) உதவும், கோதுமைத் தவிடு பொருமலைக் கூட்டத்தான் செய்யும்.

விலக்கி வைப்பது இரண்டிலிருந்து ஆறு வாரம் வரைக்கும்தான். பலர் நன்றாகிவிட்டது என்று வருடக்கணக்காகச் சோறும் உருளைக்கிழங்குமாக ஓட்டுகிறார்கள், அது தப்பு, குடலுக்கு நல்லது செய்கிற கிருமிகளும் அதில் பட்டினி கிடக்கும். சுகமானதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்: மூன்று நாள் பருப்பு மட்டும், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இடையில் இரண்டு நாள் விட்டு அடுத்தது ரொட்டி. என்ன சாப்பிட்டது, எப்போது வலித்தது என்று பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒருவருக்கு வெங்காயம் ஆகாது, பருப்பு ஆகும். இன்னொருவருக்கு ஒரு ரொட்டி தாங்கும், இரண்டாவதில்தான் தொல்லை. கர்ப்பிணிகளும், எடை குறைந்தவர்களும், சின்னப் பிள்ளைகளுக்காகக் கேட்பவர்களும் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம், ஒரு தடவை கிளினிக்குக்கு வந்துவிட்டுச் செய்யுங்கள்.