ஹெட்டிரோரெசிஸ்டன்ஸ்: பலபடித்தான மருந்தெதிர்ப்பு

ஒரே பாக்டீரியாவிலிருந்து பெருகிய கூட்டம்தான். ஆன்டிபயாட்டிக் பட்டதும் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடுகின்றன. பத்து லட்சத்தில் ஒன்று என்பது போல மிகச் சில மட்டும் அந்த மருந்துக்குள்ளேயே வளர்ந்து பெருகுகின்றன. இதற்குத்தான் ஹெட்டிரோரெசிஸ்டன்ஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'ஹெட்டிரோஸ்' என்றால் வேறான. 'ரெசிஸ்டன்ஸ்' லத்தீன் வழி வந்தது, எதிர்த்து நிற்பது.

ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சே கிருமி ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கிடம் இப்படி நடந்துகொள்வதை 1947-லேயே கண்டிருக்கிறார்கள். பெயர் பிறகுதான் வந்தது. 1997-இல் ஜப்பானில் ஹிராமட்சு குழுவினர், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் குணமாகாத ஒரு நிமோனியா நோயாளியிடம் இத்தகைய ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியைக் கண்ட பிறகு மருத்துவ உலகின் கவனம் இதன் பக்கம் திரும்பியது.

ஆய்வகச் சோதனையில் இது ஏன் தப்பிவிடுகிறது? வழக்கமான குழித்தட்டுச் சோதனையில், அதாவது சிறு குழிகளில் மருந்தையும் கிருமியையும் சேர்த்து வளர்கிறதா என்று பார்ப்பதில், ஒரு குழிக்குள் போவது சுமார் 50,000 கிருமிகள்தான். பத்து லட்சத்தில் ஒன்று அதற்குள் வருமா? பெரும்பாலும் வராது. ரிப்போர்ட்டில் 'மருந்து கேட்கும்' என்றே வரும். கிருமி பரப்பிய தட்டில் மருந்து வில்லை வைக்கும் முறையில், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையத்துக்குள் குண்டூசி முனை அளவில் நாலைந்து புள்ளிகள் தெரியலாம். வெளியிலிருந்து விழுந்த கிருமி என்று அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. சந்தேகம் தீர, மருந்தின் அளவு படிப்படியாகக் கூடும் தட்டுகளில் கோடிக்கணக்கில் கிருமிகளைப் பரப்பி, முளைப்பவற்றை எண்ண வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை என்பதால் அன்றாடம் யாரும் செய்வதில்லை.

பல கிருமிகளில் இதற்குக் காரணம், எதிர்ப்பைத் தரும் மரபணு அடுத்தடுத்துப் பல நகல்களாகப் பெருகுவது. அந்த நகல்கள் கிருமிக்கே சுமை. மருந்தை நிறுத்தினால் அவை மெல்ல உதிர்ந்துவிடும். மறு சோதனையில் மருந்துக்கு அடங்கும் பழைய கிருமி போலவே தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பன்மருந்து எதிர்ப்பு' வேறு சங்கதி. பல மருந்துகளுக்கும் அடங்காத நிலை அது. 'கலப்பு எதிர்ப்பு' என்றால் இரண்டு கிருமிகள் கலந்த மாதிரி ஆகிவிடும். காசநோயில் ஒருவரின் சளியிலேயே மருந்துக்கு அடங்கும் வகையும் அடங்காத வகையும் சேர்ந்திருப்பதுண்டு. அதையும் ஹெட்டிரோரெசிஸ்டன்ஸ் என்றே சொல்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்துவது 'பலபடித்தான மருந்தெதிர்ப்பு'. 'பலபடித்தான கலவை' என்று பள்ளி வேதியியலில் படித்த சொல்தானே. வெறும் 'எதிர்ப்பு' என்றால் நோய் எதிர்ப்பு நினைவுக்கு வரும். 'மருந்து' முன்னால் இருக்கட்டும்.

மருந்துக்குள் வளராமல் முடங்கிக் கிடந்து பிழைக்கும் கிருமிகளும் உண்டு. அவை 'பெர்சிஸ்டர்'கள்; அவற்றுக்கு இந்தப் பெயர் பொருந்தாது.