டி.என்.ஏ. பார்கோடிங்: பட்டைக்குறியா, பட்டைக்குறியீடா?

பார்கோடு என்ற சொல்லுக்கு இன்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. காரைக்குடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலும் கடைக்காரர் அதைத் திருப்பி, கறுப்புக் கோடுகளைக் கருவியில் காட்டிவிட்டுத்தான் பில் போடுகிறார். அதே சொல் டி.என்.ஏ.வோடு சேர்ந்து வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் ‘டி.என்.ஏ. பார்கோடிங்’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘மரபணுப் பட்டைக்குறியீடு’ என்கிறார், வேறொருவருக்கு அது ‘வரிக்குறியிடல்’. குளத்து நத்தை, நண்டு, பூச்சிகளை இந்த முறையால் இனங்காண்கிறார்கள் என்று படிப்பவர், நத்தையின் முதுகில் ஏதோ ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டால் குற்றம் அவருடையது அல்ல.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். எல்லா விலங்குகளின் உயிரணுக்களிலும் பொதுவாக இருக்கும் ஒரு மரபணுவில், முன்பே பேசி வைத்த ஒரு சிறு பகுதியை மட்டும் படிப்பது. படித்த எழுத்து வரிசையை, பெயர் தெரிந்த உயிரிகளின் வரிசைகளோடு ஒப்பிட்டு, இது எந்தச் சிற்றினம் என்று அறிவது. அவ்வளவுதான். விலங்குகளுக்கென்று தேர்ந்தெடுத்த பகுதி, உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு துண்டு. அதன் வழக்கமான நீளம் 658 எழுத்துகள். எழுத்துகள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். தாவரங்களுக்கும் பூஞ்சைகளுக்கும் வேறு பகுதிகள் உண்டு. அவை நமக்கு இங்கே வேண்டாம்.

கடைப் பார்கோடு பிறந்தது அமெரிக்காவில். ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவர் 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1952இல் பெற்றார்கள். மோர்ஸ் தந்திக் குறியின் புள்ளிகளையும் கோடுகளையும் மியாமி கடற்கரை மணலில் விரலால் கீழே இழுத்துப் பார்த்தபோதுதான் யோசனை வந்ததாக உட்லண்ட் சொல்லியிருக்கிறார். கடைக்கு அது வந்து சேர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்து ட்ராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில்தான், இன்று நாம் காணும் வகைப் பார்கோட்டின் முதல் கடை வாசிப்பு. உயிரியலில் இந்தச் சொல்லை 1993இலேயே மலேரியா ஒட்டுண்ணி பற்றிய ஒரு கட்டுரை பயன்படுத்தியது. ஆனால் இன்றைய பொருளில் அதை நிலைநிறுத்தியவர் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து பால் ஹெபர்ட். 2003இல் வெளிவந்த அவரது கட்டுரை கடைக் கணக்கையே எடுத்துக் காட்டியது. பத்து இலக்கங்களை 11 இடங்களில் வைத்தால் 10,000 கோடி தனிக் குறிகள் கிடைக்கும். டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள்தாம், ஆனாலும் 15 இடங்களைப் பார்த்தாலே 100 கோடிக்கு மேல் கிடைக்கும். 658 இடங்கள் இருக்கும்போது சொல்லவா வேண்டும்! ஹெபர்ட் அதுவரை உழைத்தது பெரும்பாலும் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளோடு. ஆக, இந்த முறைக்கும் குளத்துச் சிற்றுயிர்களுக்கும் உள்ள உறவு பிற்பாடு ஒட்டவைத்ததல்ல.

தமிழுக்கு வருவோம். ‘பார்கோடு’ நம் நாக்கில் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம், அதில் ‘கோடு’ இருப்பது. பாக்கெட்டில் இருப்பதும் கோடுதானே, பொருந்திவிட்டது. ‘கோட்’ (code) என்ற ஆங்கிலச் சொல்லோ மரத்துண்டையும் எழுதுபலகையையும் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பழந்தமிழிலும் கோடு என்றால் மரக்கிளை, கோட்டுப்பூ என்கிறோமே. இரண்டுக்கும் உறவு கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம், தற்செயல்தான். ‘பட்டை’ என்பதற்கு நெற்றியில் இடும் திருநீற்றுப் பட்டை என்ற பொருள் இருப்பதால் அதுவும் நல்ல சொல். செட்டிநாட்டு அடுப்படியில் பட்டை என்றால் கிராம்புக்குப் பக்கத்தில் இருப்பது, அது வேறு கதை.

ஆனால் டி.என்.ஏ. பார்கோடிங்கில் பட்டையே கிடையாது. பட்டை பட்டையாகத் தெரிவது டி.என்.ஏ. ரேகை, அதாவது 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்ட முறை. குற்ற வழக்கிலும் தந்தை யார் என்ற வழக்கிலும் பேசப்படுவது அதுதான். கோடுகளாகத் தெரிவதற்கு ‘ரேகை’ என்று பெயர், எழுத்தாகப் படிப்பதற்குப் ‘பட்டை’ என்று பெயர்! பெயர் வைத்தவர்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே தோன்றும். செய்தித்தாள்களில் இரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. ரேகை தனி ஆளைக் காட்டும். பார்கோடு சிற்றினத்தைக் காட்டும், அதற்குமேல் போகாது.

இதைச் சொல்ல நகரத்தார் வீட்டுப் பாத்திரமே போதும். அண்டா, குண்டான், தூக்குச்சட்டி எல்லாவற்றிலும் விலாசம் வெட்டியிருப்பார்கள்: முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். கல்யாண வீட்டில் நாலு வீட்டுச் சாமான் கலந்து கிடந்தாலும் எழுத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். எந்தக் குடும்பத்துப் பொருள் என்று தெரியும், அந்தக் குடும்பத்தில் எந்த அண்ணன் தம்பியுடையது என்று தெரியாது. இன்னொன்றும் உண்டு. அந்த எழுத்து யாருக்குரியது என்று அறிந்த ஒருவர் இருந்தால்தான் அது பேசும். டி.என்.ஏ. வரிசைக்கும் அதே நிலைமை. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில் பெயரோடு பதிவாகாத நத்தையின் 658 எழுத்தையும் பிழையில்லாமல் படித்துவிட்டு, அது என்ன நத்தை என்று தெரியாமலே உட்கார்ந்திருக்கலாம்.

சரி, குறியா, குறியீடா? ‘இடு’ என்பது நீண்டு ‘ஈடு’ ஆகிறது, கெடு ‘கேடு’ ஆவதைப் போல. குறியீடு என்றால் இடப்பட்ட குறி. பிஸ்கட் பாக்கெட்டில் ஒரு நிறுவனம் இட்டது, பாத்திரத்தில் ஆசாரி வெட்டியது. அங்கெல்லாம் பட்டைக்குறியீடு முற்றிலும் சரி. உயிரியின் டி.என்.ஏ.வில் யாரும் எதையும் இடவில்லை. இருப்பதைப் படிக்கிறோம். அதனால் நான் ‘டி.என்.ஏ. பட்டைக்குறி’ என்பேன், செயலைச் சொல்லும்போது ‘பட்டைக்குறி வாசிப்பு’. ‘குறியிடல்’ எந்த வகையிலும் ஒத்துவராது. இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மூன்று மூன்று எழுத்துகளாகச் சேர்ந்து அமினோ அமிலங்களைக் குறிக்கும் ஏற்பாட்டை ‘மரபணுக் குறியீடு’ என்று ஏற்கெனவே சொல்லி வருகிறோம். ‘மரபணுப் பட்டைக்குறியீடு’ என்று எழுதினால் மாணவர் அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்.

‘மரபணு’ என்ற முன்னொட்டும் எனக்கு உவப்பில்லை. விலங்குகளுக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு மரபணுத் துண்டு என்பதால் பெரிய பிழை ஆகிவிடாது. ஆனால் பூஞ்சைகளில் படிப்பது மரபணுக்களுக்கு இடையிலுள்ள பகுதியை. டி.என்.ஏ. என்றே வைப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். டி.என்.ஏ.வை ஒலியொத்துத் ‘தாயனை’ என்று ஆக்கியவர்களும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா பொதுவாகத் தாய் வழியாகவே வருவதால் இந்த இடத்தில் அந்தச் சொல் அழகாகப் பொருந்தியிருக்க வேண்டும். நன்னீர் மட்டிகள் அதையும் கெடுத்துவிட்டன. அவற்றில் பல இனங்களில் ஆண் மட்டி, தந்தை வழி வந்த மைட்டோகாண்ட்ரியாவையும் தன் விந்தகத்தில் வைத்திருக்கிறது. அது தாய்வழி வரிசையிலிருந்து வெகுவாக விலகியிருக்கும். இனப்பெருக்க உறுப்பிலிருந்து சதை எடுத்தால் ஒரே மட்டி இரண்டு சிற்றினமாகத் தோன்றிவிடும். அதனால் காலிலிருந்தோ உடற்போர்வையின் ஓரத்திலிருந்தோதான் எடுப்பார்கள்.

அப்புறம் நத்தை, மட்டி, பூச்சி எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர், ‘முதுகெலும்பிலி’. ‘முதுகுநாணற்றவை’ என்பதும் இதுவும் ஒன்றென்று பலர் எழுதுகிறார்கள். முதுகுநாண் என்னும் வளையும் தண்டு இருந்தும் முதுகெலும்பு இல்லாத கடல் உயிரிகள் சில உண்டு என்பதால் ஒன்றல்ல. குளத்தைப் பற்றி எழுதும்போது அந்த வேறுபாடு தலைகாட்டாது, ஆனாலும் முதுகெலும்பிலி என்பதே சரி. இவற்றை வகைப்படுத்தும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் ‘நந்தும் முரளும் ஈரறிவினவே’ என்றும் ‘நண்டும் தும்பியும் நான்கறிவினவே’ என்றும் வருகின்றன. நந்து என்பது நத்தை, சங்கு வகை. முரள் என்பது சிப்பி, கிளிஞ்சல் வகை. இவை வரும் இயலின் பெயர் மரபியல். இன்று பாடநூலில் டி.என்.ஏ. பற்றிய அறிவியலுக்கும் மரபியல் என்றுதான் பெயர்.

செட்டிநாட்டில் இதையெல்லாம் எங்கே பயன்படுத்துவது என்றால், ஊருணியில்தான். வற்றாத ஆறு இல்லாத சீமை இது. வடகிழக்குப் பருவமழை வரத்துக்கால் வழியாக வந்து செம்புறாங்கல் படிகட்டிய ஊருணிகளிலும் கண்மாய்களிலும் தேங்கினால்தான் தண்ணீர். குடிக்கும் ஊருணியில் கால் நனைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த ஊர்கள் பல. ஐப்பசி, கார்த்திகையில் நிறைவது சித்திரைக்குள் சேறாகி, பிறகு மண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தக் காய்ந்த மண்ணுக்குள் நீர்த்தெள்ளுகளின் முட்டைகளும், தற்காலிகக் குட்டைகளில் மட்டுமே வாழும் சிறு இறால் வகைகளின் முட்டைகளும் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். கண்ணால் பார்த்தால் எல்லாம் மண்துகள். முட்டையை வைத்து இனம் சொல்வது கடினம். பட்டைக்குறி வாசிப்புக்கு முட்டையும் ஒன்றுதான், வளர்ந்த உயிரும் ஒன்றுதான்.

தட்டானும் அப்படியே. பறக்கும் தட்டானின் பெயரைப் படம் பார்த்தே சொல்லிவிடலாம். அதுவே ஊருணிச் சேற்றில் பல வாரம் புழுப்போல் கிடந்து வேட்டையாடும் பருவத்தில் இருந்தால் நிபுணரே தயங்குவார். கொசு மாதிரியே இருந்து கடிக்காத ஒரு பூச்சிக் குடும்பம் உண்டு. மீன்தொட்டிக் கடையில் ‘பிளட்வார்ம்’ என்று விற்கிறார்களே, அந்தச் சிவப்புப் புழுக்கள் அதன் குஞ்சுகள். தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்வதில் கெட்டிக்காரப் புழுக்கள். ஆனால் அவற்றில் எது எந்தச் சிற்றினம் என்று பிரிக்கத் தலையை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நன்னீர் நிலைகள் புவிப்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. அவற்றில் சுமார் 1,26,000 விலங்கினங்கள் பதிவாகியுள்ளன, அவற்றில் பாதிக்கு மேல் பூச்சிகள். எல்லாவற்றையும் கண்ணால் பிரிக்க ஆள் எங்கே?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்கப் பாலைநில ஊற்றுகளில் ஹையலெல்லா அஸ்டெக்கா என்று ஒரே பெயரில் அழைத்து வந்த சிறு ஓட்டுயிரியை 2006இல் இந்த முறையால் ஆராய்ந்தபோது, அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் ஒளிந்திருப்பதாகத் தெரிந்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கிடந்த ஊற்றுகள் அவை. நம் ஊருணிகள் அப்படியல்ல, கலுங்கும் கால்வாயும் ஒன்றை இன்னொன்றோடு இணைக்கின்றன. நத்தை கொத்தி நாரை போன்ற பறவைகளும் கண்மாய்க்குக் கண்மாய் போய்வருகின்றன. எனவே அங்கே கண்டது இங்கேயும் இருக்கும் என்று எழுதிவிடக்கூடாது.

செய்முறையை இரண்டு வரியில் சொல்லலாம். பிடித்த உயிரியை 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். கல்லூரி ஆய்வகத்து ஃபார்மலின் புட்டி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். ஒரு காலையோ கொஞ்சம் சதையையோ எடுத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் அந்தத் துண்டை மட்டும் பெருக்கிப் படிப்பார்கள். மீதி உடலைச் சான்று மாதிரியாகப் பத்திரப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நாளை ஐயம் வந்தால் எதைப் பார்ப்பது? இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வரிசை வேறுபட்டால் வேறு சிற்றினமாக இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு, சட்டமல்ல. நத்தையின் வழவழப்பு பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். நண்டு, இறால் வகைகளில் மைட்டோகாண்ட்ரியத் துண்டின் பழைய பிரதிகள் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு, படிப்பவரை ஏமாற்றும்.

கடைசியாக ‘மெட்டாபார்கோடிங்’. ஒவ்வோர் உயிராகப் பிரிக்காமல் ஒரு வலை நிறைய அள்ளியதை மொத்தமாகப் படிப்பது. இதைக் ‘கூட்டுப் பட்டைக்குறி வாசிப்பு’ எனலாம். உயிரியே இல்லாமல் தண்ணீரை வடிகட்டி, அதில் உதிர்ந்து கிடப்பதைப் படித்தால் அது ‘சூழல் டி.என்.ஏ.’ இந்த இரண்டாவதைப் பற்றி எழுதுபவர்கள் வினைச்சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். ஊருணித் தண்ணீரில் ஒரு நத்தையின் வரிசை கிடைத்தால், நத்தை அங்கேயே இருக்கலாம், செத்துப்போயிருக்கலாம், அல்லது மேலேயுள்ள கண்மாயிலிருந்து வரத்துக்கால் அதன் டி.என்.ஏ.வை மட்டும் கொண்டுவந்திருக்கலாம். ‘டி.என்.ஏ. கிடைத்தது’ என்று எழுதலாம். ‘வாழ்கிறது’ என்று எழுத வலை போட்டு நத்தையைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.