பி.பி.கிங்குக்கு வியர்த்தது ஏன்?

கிடார் கலைஞர்களுக்கு மேடையில் கிடைக்கும் "அருமை", "அபாரம்" எல்லாம் கைதட்டலோடு கரைந்துவிடும். அமெரிக்க புளூஸ் மேதை பி.பி.கிங், இங்கிலாந்துக்காரரான பீட்டர் கிரீனைப் பற்றிச் சொன்னது அப்படிக் கரையவில்லை. தான் கேட்டதிலேயே மிக இனிமையான நாதம் கிரீனுடையது, தன்னைச் சில்லென்று வியர்க்க வைத்த ஒரே ஆள் அவர்தான் என்றார் கிங். 1967-இல் ஃபிளீட்வுட் மேக் இசைக்குழுவைத் தொடங்கியபோது கிரீனுக்கு வயது 20.

அந்த நாதத்துக்குக் காரணம் என்று பலரும் காட்டுவது அவருடைய கிடாரை, 1959-இல் செய்யப்பட்ட 'லெஸ் பால்' மாடல் எலக்ட்ரிக் கிடாரை. எலக்ட்ரிக் கிடாரின் தந்திகளுக்கு அடியில் 'பிக்அப்' இருக்கும்: காந்தம், அதோடு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்தூண்டல்தான். லெஸ் பாலில் இப்படி இரண்டு பிக்அப்கள், ஒன்று பிரிட்ஜ் (தந்திகளை உடல் பக்கம் தாங்கும் பாலம்) பக்கம், ஒன்று கழுத்துப் பக்கம். கிரீனின் கிடாரில் கழுத்துப் பக்கத்துக் காந்தம் துருவம் மாறிக் கிடந்தது.

இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் என்ன ஆகும்? தந்தியின் அடிப்படை அதிர்வில், இரண்டு பிக்அப்களுக்கு மேலும் தந்தி ஒரே திசையில் அசைகிறது. காந்தம் மாறியிருப்பதால் கூட வேண்டிய மின்னலைகள் கழிந்துபோகின்றன. முழுவதும் அழிந்துவிடாது, பிரிட்ஜ் அருகே அசைவு சிறியது என்பதால் மிச்சம் நிற்கும். அடிப்படையைப் போல் ஐந்து, ஆறு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களில் கதை வேறு. விரல் வைக்காத திறந்த தந்தியில், ஒரு பிக்அப்பின் மேல் தந்தி ஏறும்போது மற்றதன் மேல் இறங்குகிறது. எதிரும் எதிரும் சேர்ந்து அவை பலமாகின்றன. அடித்தொனி மெலிந்து மேற்சுரம் தூக்கலாகி, யாரோ மூக்கால் பாடுவதுபோல் ஒலிக்கிறது.

இதைக் கேட்டதும் காந்தத்தைப் புரட்டிப்போடக் கிளம்புபவர்கள் உண்டு. பாவம், ஒரே ஒரு பிக்அப்பில் வாசிக்கும்போது துருவம் எந்தப் பக்கம் இருந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. கிரீன் கழுத்துப் பிக்அப்பை மட்டும் வைத்து வாசித்த இடங்களிலும் இனிமைக்குக் குறைவில்லை. அந்தக் கிடார் பிறகு இன்னொரு கிடார் கலைஞரான கேரி மூரிடம் போனது; 2014-இல் மெட்டாலிக்கா இசைக்குழுவின் கிடார் கலைஞர் கிர்க் ஹாமெட் கைக்கு வந்தது. காந்தம் கூடவே போயிற்று. கிரீனின் நாதம் போனதாகத் தெரியவில்லை.

அது பெரும்பாலும் விரலில் இருந்தது என்பது என் கட்சி. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடிச் சுரம் ஏறும். அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அரைச்சுரம் ஏற இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். முழுச்சுரத்துக்குச் சுமார் 26 சதவீதம். கொஞ்சம் பிசகினாலும் அபஸ்வரம். தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்கும் வீணைக் கலைஞர்களுக்கு இந்தப் பாடு நன்றாகவே தெரியும். பாடகரின் குரல் வினாடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை சுரத்துக்கு மேலும் கீழுமாக அசையும். கிடாரில் தந்தியைத் தள்ளும் விரல் சுரத்தை மேலே மட்டுமே கொண்டுபோகும். அதைக் குரல்போல் அசைக்கத் தனிப் பழக்கம் வேண்டும். கிங் இதில் கைதேர்ந்தவர். உறவினரான புளூஸ் கலைஞர் புக்கா வைட்டின் ஸ்லைடு வாசிப்பு (தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) தனக்கு வராததால், இடக்கையை உதறி உதறியே அந்த நடுக்கத்தை வரவழைத்தவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்த சொல் என்பதால்தான் அதற்கு இத்தனை எடை.

சரி, வியர்வை? இசை கேட்டுச் சிலிர்க்கும்போது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது. வியர்வைச் சுரப்பிகளை இயக்குவதும் அதுவே. தோலின் மின்கடத்தும் திறன் கூடுவதைக் கருவியிலேயே பார்க்கலாம். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பிடித்த இசையின் உச்சத்தில் மூளையின் ஒரு பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. உச்சத்துக்குச் சற்று முன்பே, எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த நொடிகளில், காடேட் என்ற வேறொரு பகுதியில் சுரக்கிறது. கிரீன் சுரங்களைக் கொட்டுபவர் அல்லர். ஒன்றை வாசித்து, நிறுத்தி, கேட்பவரைக் காக்கவைத்துத்தான் அடுத்ததைத் தருவார். கிங்கின் காடேட்டுக்கு அந்த இடைவெளிகளில் நல்ல வேலை இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.