மெண்டாசிட்டி: பொய்யா, பொய்ம்மையா?

டென்னஸீ வில்லியம்ஸ் எழுதி, 1955 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறி, அவ்வாண்டே புலிட்சர் பரிசும் பெற்ற ‘கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்’ (காய்ந்த தகரக் கூரை மேல் பூனை) நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், குடியை விட முடியாத மகனிடம் தந்தை ஏன் குடிக்கிறாய் என்று விடாமல் கேட்கிறார். அருவருப்பினால் என்கிறான் மகன். எதன்மேல் அருவருப்பு என்று கேட்டதும் அவன் ஒரே ஒரு சொல்லைத் தருகிறான்: மெண்டாசிட்டி. மலிவான அரசியல்வாதிகள் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்ளும் ஐந்து டாலர் சொற்களில் ஒன்றல்லவா அது என்கிறார் தந்தை. ஐந்து டாலர் சொல் என்பது, எளிய சொல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது பகட்டுக்காக எடுத்தாளப்படும் கனத்த சொல்லை அமெரிக்கர் கேலியாகக் குறிப்பிடும் முறை. பிறகு அவரே, பொய்யையும் பொய்யர்களையும் தானே அது குறிக்கிறது என்று கேட்டுத் தெளிகிறார். மேடையிலேயே பொருள் விளக்கம் பெறும் இச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கு நம் கேள்வி.

ஆங்கிலத்தில் பொய்க்கு வழங்கும் அன்றாடச் சொல் அம்மொழியின் பழைய செர்மானிய வேரிலிருந்து வந்தது. மெண்டாசிட்டியோ 17ஆம் நூற்றாண்டில் இலத்தீனத்திலிருந்து வந்து சேர்ந்தது. இலத்தீனத்தில் ‘மெண்டாக்ஸ்’ என்றால் பொய் சொல்லும் இயல்புடையவர். அதற்கும் அடியாகக் கருதப்படும் ‘மெண்டும்’ என்ற சொல்லுக்குப் பிழை, குறை, வழு என்பன பொருள். பிழை திருத்துதலைக் குறிக்கும் ‘எமெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரில் கிளைத்ததுதான். இரந்துண்டு வாழ்வதைக் குறிக்கும் ‘மெண்டிசிட்டி’ ஓரெழுத்து வேறுபாட்டில் இதன் அருகே நிற்பதால், ஆங்கிலம் நன்கறிந்தவர்களும் இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவது உண்டு. முக்கியமானது வேறொன்று: ஒருவர் ஒருமுறை சொன்ன பொய்யை மெண்டாசிட்டி என்று சொல்வதில்லை. பொய்யே இயல்பாகவும் பழக்கமாகவும் ஆகிவிட்ட நிலைக்குத்தான் அந்தப் பெயர்.

நாடகத்தின் குடும்பம் அந்த நிலையில்தான் வாழ்கிறது. மிசிசிப்பி டெல்டாவில் 28,000 ஏக்கர் பண்ணைக்கு உரிமையாளரான தந்தை பிக் டாடிக்கு அன்று 65ஆம் பிறந்த நாள். அவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதை மக்களும் மருமக்களும் அறிவார்கள். அவரிடமும் அவர் மனைவியிடமும் மட்டும் வெறும் குடல் இசிவு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். (அம்மனைவியின் பெயரை எழுத்துப் பிசகாமல் ‘பிக் மாமா’ என்று ஒலிபெயர்த்தால் தமிழில் தாய்மாமன் வந்து நின்றுவிடுவார் என்பதால் ‘பிக் மம்மா’ என்று எழுதுவது நல்லது.) மூத்த மகன் கூப்பர் வழக்கறிஞர், ஐந்து பிள்ளைகளையும் ஆறாவதைச் சுமக்கும் மனைவியையும் முன்னிறுத்திச் சொத்துக்குக் காத்திருக்கிறான். இளைய மகன் பிரிக், காலொடிந்து ஊன்றுகோலுடன் மது அலமாரிக்கும் நாற்காலிக்கும் இடையே நடக்கிறான். அவன் மனைவி மேகி அவனோடு ஒரே அறையில் இருக்கிறாள் என்றாலும், தன்னை நெருங்கக் கூடாது என்ற நிபந்தனையின்பேரிலேயே அவன் அவளுடன் வாழ ஒப்பியிருக்கிறான்.

அகராதிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் இச்சொல்லுக்குத் தேடக்கூடிய தமிழ்ச் சொற்கள் பல: பாசாங்கு, போலித்தனம், வஞ்சகம், புரட்டு, பொய், பொய்ம்மை. வஞ்சகத்தில் பிறரைக் கெடுக்கும் நோக்கம் தெரிகிறது. பிக் டாடியிடம் நோயை மறைத்தவர்கள் எல்லாரையும் வஞ்சகர் என்று சொல்லிவிட முடியாது. பாசாங்கு பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அதே காட்சியில் பிக் டாடி தம் வாழ்நாள் பாசாங்குகளை அடுக்குகிறார்: 40 ஆண்டுகளாகச் சகிக்க முடியாத மனைவியிடம் அக்கறை உள்ளவர்போல் நடந்தது, மூத்த மகனையும் மருமகளையும் பிடித்ததுபோல் காட்டிக்கொண்டது, தேவாலயத்தில் சலிப்பைத் தாங்கி உட்கார்ந்திருந்தது. இவையெல்லாம் மெண்டாசிட்டி இல்லையா என்று மகனைக் கேட்கிறார். அதாவது, பாசாங்கு இச்சொல்லின் ஒரு கூறு என்பதை நாடகமே சொல்லிவிடுகிறது. கூறின் பெயரை முழுமைக்கு இட்டால் அவருடைய கேள்வியே பொருளற்றுப் போகும்.

எனவே எஞ்சுவது பொய்யும் பொய்ம்மையும். இவற்றுள் பொய்ம்மையே சரி என்பது என் துணிபு. ‘மை’ என்னும் பண்புப்பெயர் விகுதி, ஒற்றைச் செயலாகிய பொய்யைத் தன்மையாகவும் நிலையாகவும் ஆக்கித் தருகிறது. இது வீட்டுப் பேச்சில் வழங்காத, ஆனால் கேட்ட எவருக்கும் புரிகிற சொல்லாகவும் இருப்பதால், பிக் டாடியின் ஐந்து டாலர் கேலியும் தமிழில் தப்பிப் பிழைக்கிறது. மகன் ‘பொய்ம்மை’ என்று சொல்ல, தந்தை ‘பொய்யும் புரட்டும்தானே?’ என்று கேட்டால், மூலத்தில் உள்ள ஏட்டுச்சொல்லுக்கும் நாட்டுச்சொல்லுக்குமான மோதல் நன்றாகவே கேட்கும்.

பொய் என்னும் தமிழ்ச் சொல்லை உட்டுளை, உள்ளீடின்மை ஆகிய பொருள்களோடும், துளைத்தலைக் குறிக்கும் ‘பொள்’ என்னும் வேரோடும் இணைப்பவர் உண்டு. உறுதியாகச் சொல்லத்தக்கது, அதன் வினைவடிவம் நாவோடு நிற்பதில்லை என்பது. மழை பொய்த்தது என்கிறோம்; வானம் நம்மிடம் எதையும் சொல்லவில்லை, நாம் எதிர்பார்த்ததைத் தரவில்லை, அவ்வளவுதான். பிரிக்கின் திருமணம் இந்தப் பொருளில் பொய்த்த திருமணம். அவன் மேகியிடம் பொய் பேசுவதே இல்லை. தனக்கு அவள்மேல் விருப்பம் இல்லை என்பதைக் கூச்சமின்றிக் காட்டுகிறான்.

வள்ளுவர் ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று தொடங்கும் குறளில் ஆண்டதும் இந்த வினைதான். அப்படிப் பொய்த்தால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று அது முடிகிறது. இரண்டாம் அங்கத்தின் உச்சம் இக்குறளின் நிகழ்த்துருவம் போன்றது. பிரிக்கின் நண்பன் ஸ்கிப்பர், பிரிக்மேல் தான் கொண்ட உணர்வைத் தொலைபேசியில் குடிபோதையில் ஒப்புக்கொண்டபோது, பிரிக் பதில் சொல்லாமல் தொடர்பைத் துண்டித்தான். ஸ்கிப்பர் குடித்தே செத்தான். இதைத் தந்தை மகனின் வாயிலிருந்து வரவழைத்து, உலகத்தின் பொய்ம்மைமேல் உனக்கு அருவருப்பு இல்லை, உன்மேலேயே அருவருப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். சுடப்பட்ட மகன், பதிலுக்கு அவருடைய புற்றுநோய் உண்மையைப் போட்டு உடைக்கிறான்.

திருமணத்தையும் பொய்யையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்த பழைய தமிழ் நூற்பா ஒன்று இங்கே நினைவுக்கு வராமல் போகாது: தொல்காப்பியக் கற்பியலின் ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர், ஐயர் யாத்தனர் கரணம் என்ப’. பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகே பெரியோர் கரணம், அதாவது திருமணச் சடங்கு, வகுத்தனர் என்பது இதன் பொருள். செய்ததை மறைப்பது பொய், செய்ததில் நிலைத்து நில்லாமல் தவறி நடப்பது வழு என்று உரையாசிரியர் இளம்பூரணர் பிரிக்கிறார். இலத்தீனச் சொல்லும் வழுவிலிருந்தே பொய்க்குச் சென்றது என்பதைக் காணும்போது, தொடர்பில்லாத இரு மொழிகள் இவ்விரு கருத்துகளையும் அருகருகே வைத்தது வியப்பூட்டுகிறது. ஆனால் நூற்பாவில் பொய்யைத் தடுக்க வந்த கரணம், மிசிசிப்பிப் பண்ணைவீட்டில் பொய்க்குக் கூரையாகி நிற்கிறது.

பொய்ம்மையைத் தேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொய்யின் எதிர்ச்சொல்லான மெய்க்குத் தமிழில் உடம்பு என்பதும் பொருள். மூன்றாம் அங்கத்தில், சொத்து மூத்தவன் கைக்குப் போய்விடாதிருக்க, மேகி தான் கருவுற்றிருப்பதாக அறிவிக்கிறாள். அது முழுப் பொய் என்பதை அறிந்த பிரிக் மறுத்துப் பேசுவதில்லை. பிறகு அவள் மதுவை அவனுக்கு எட்டாதபடி செய்து, அந்தப் பொய்யை அன்றிரவே உண்மையாக்கிவிடலாம் என்கிறாள். உடம்பைப் பற்றிய பொய்யை உடம்பாலேயே மெய்யாக்க முயலும் இவ்விடத்தில் ஆங்கிலத்துக்குக் கிடைக்காத ஒரு வசதி தமிழுக்குத் தானாகவே கிடைக்கிறது.

மூன்றாம் அங்கத்துக்கு இரு வடிவங்கள் உண்டு. பிராட்வே இயக்குநர் எலியா கசான் கேட்டுக்கொண்டபடி வில்லியம்ஸ் திருத்தி எழுதியதில் பிக் டாடி மீண்டும் வந்து, அறையில் பொய்ம்மையின் நாற்றம் வீசுவதாகச் சொல்கிறார்; அந்த நாற்றத்தை ‘வாடை’ என்று பெயர்க்கலாம். வில்லியம்ஸ் முதலில் எழுதியதிலோ மேகி, உன்னை நேசிக்கிறேன் என்கிறாள். அது உண்மையாக இருந்தால் வேடிக்கைதான் இல்லையா என்ற பிரிக்கின் பதிலோடு திரை விழுகிறது. இரண்டாம் அங்கத்தில், இத்தனை ஆண்டுகளாக உங்களை நேசித்தேன் என்று பிக் மம்மா சொல்லிப் போனபின் பிக் டாடி முணுமுணுத்ததும் இதே வாக்கியத்தைத்தான். இரண்டு இடத்திலும் ‘உண்மை’ என்று பெயர்க்காமல், ‘அது மெய்யாய் இருந்தால் வேடிக்கைதான், இல்லையா?’ என்றே பெயர்க்க வேண்டும்.