கோல்டு லீசிங்: தமிழில் என்ன சொல்வது?

பாம்பன், கீழக்கரை, தொண்டி எனக் கடலோர ஊர்களில் 'தங்கக் கடன்' என்றால் நகையை ஈடு வைத்துப் பணம் வாங்குவது என்றே பொருள்படும். மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில் விசைப்படகைச் சீர்செய்யக் கைக்காசு இல்லாத குடும்பங்கள் சங்கிலியை அடகுக்குக் கொண்டுபோகும்போது, கடனாக வருவது பணம், ஈடாக நிற்பது தங்கம். 1991இல் இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் ஈடு வைத்ததும் இந்த வகைதான். 'கோல்டு லீசிங்' இதற்கு நேர்மாறானது. அதில் மைய வங்கியிடமிருந்து பொன்வணிக வங்கிக்குத் தங்கமே கடனாகப் போகிறது. ஆகவே அதைத் 'தங்கக் கடன்' என்று எழுதினால் நம் பகுதி வாசகர் தலைகீழாகவே புரிந்துகொள்வார்.

'லீஸ்' என்பது 'விட்டுக்கொடுத்தல்' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியே வந்தது. அதன் வேர் 'தளர்த்துதல்' என்னும் இலத்தீன் வினை. நிலத்துக்கும் வீட்டுக்கும் வழங்கிய சொல் அது. குத்தகைக்கு விட்ட நிலம் அதே நிலமாகத் திரும்பி வரும். இரவல் கொடுத்த நகையும் அதே நகையாக வரும். மைய வங்கி கொடுத்த தங்கக் கட்டியோ திரும்பி வருவதே இல்லை. அதை வாங்கும் பொன்வணிக வங்கி உடனே சந்தையில் விற்று, கிடைத்த டாலரைக் கூடுதல் வட்டி தரும் இடத்தில் போடுகிறது, அல்லது நாளை வெட்டியெடுக்கப்போகும் தங்கத்தை இன்றே விலைபேசி விற்க விரும்பும் சுரங்க நிறுவனத்துக்கு அதைக் கொண்டு வழிசெய்கிறது; கட்டி உருகி எங்கோ வளையலாகிவிடுகிறது. தவணை முடிவில் மைய வங்கிக்கு வருவது அதே எடையுள்ள வேறு தங்கமும் சிறு வட்டியும்தான். எனவே குத்தகை, இரவல் இரண்டுமே பொருந்தா.

இதற்கு நம்மிடம் மிகப் பழைய சொல் ஒன்று உண்டு: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் எதிர்கொடுப்பது என்பது அதன் பொருள். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது என்கிறது 221ஆம் குறள். புறநானூற்றிலும் இச்சொல் வருகிறது. அடுத்த வீட்டில் உழக்கு அரிசி வாங்கி உழக்கு அரிசியே திருப்பிக் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் வழக்கொழிந்த அச்சொல்லைச் செய்தித்தாளில் புகுத்துவது கடினம் என்பதால், அதன் கருத்தை வைத்துக்கொண்டு 'எடைக்கடன்' என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. கொடுத்தவருக்கு உரிமை எடையில்தான், குறிப்பிட்ட கட்டியில் அல்ல என்பதை அச்சொல்லே உணர்த்திவிடும்.

சந்தையின் மீதான விளைவும் இங்கிருந்தே விளங்கும். மைய வங்கிகள் பல, கொடுத்த தங்கத்தையும் பெட்டகத்தில் உள்ளதையும் கணக்கில் ஒரே வரியில் காட்டிவந்தன. சந்தையிலோ கடனாகக் கொடுத்த தங்கம் விற்பனைக்கு வந்த சரக்கு. கடன் பெருகும் காலமெல்லாம் விலை அமுங்கும். திருப்பித்தர எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடினால் விலை எகிறும். 1999 செப்டம்பர் 26 அன்று ஐரோப்பிய மைய வங்கிகள் 15 கூடி, ஐந்தாண்டுகளில் 2,000 டன்னுக்கு மேல் விற்பதில்லை, எடைக்கடனையும் கூட்டுவதில்லை என்று வாஷிங்டனில் அறிவித்தன. அவுன்சு 270 டாலருக்குள் இருந்த தங்கம் இரண்டு வாரத்துக்குள் 320 டாலரைத் தாண்டியது. வழக்கமாக 1, 2 விழுக்காட்டை ஒட்டியே இருந்த எடைக்கடன் வட்டி 9 விழுக்காடு அளவுக்குப் பாய்ந்தது. விலை இறங்கும் என்று நம்பி முன்விற்பனை ஒப்பந்தங்களைக் குவித்திருந்த கானா நாட்டின் அஷாந்தி சுரங்க நிறுவனம் திவாலின் விளிம்புக்கே போயிற்று.

'லீஸ் ரேட்' என்பதையும் 'எடைக்கடன் வட்டி' என்றே எழுதலாம். அது திடீரென உயர்ந்தால், கடனாகக் கொடுக்கக்கூடிய தங்கம் பொன்வணிகத்தின் மையமான லண்டனில் அருகிவிட்டது என்று பொருள். 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க இறக்குமதி வரிக்கு அஞ்சித் தங்கம் நியூயார்க்குக்கு விமானம் ஏறியபோது அதுதான் நடந்தது.